கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்த காக்கை

மாதங்கி டீச்சர் ஒரு காக்காயைப் பட்டுத் துணியில் சுற்றி மொட்டை மாடியில் புதைத்தாள் என்பது இன்று லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். கொல்கத்தாவில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் வரவர ஒரு கைப்பிடிதான். கைப்பிடிக் கடுகானாலும் தாளித்தால் வீடு முழுக்க வெடிக்கத்தானே செய்யும். அப்படி வெடித்த கதை இது. ஆளாளுக்கு ஒரு வால் சேர்த்துவிட்டார்கள். வால்களை நறுக்கிவிட்டுப் பார்த்தால், நடந்தது இவ்வளவுதான்.

மாதங்கி பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாம் இந்த ஊரிலேயே. அப்பா ரயில்வே ஆபீசில் கிளார்க். பூர்வீகமான கும்பகோணத்தை அவள் கல்யாணப் பத்திரிகைகளில்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். தாவரவியல் படித்தாள். பாலிகஞ்ச் பக்கம் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக ஐந்தாம் வகுப்புக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறாள். நாலு பிரின்சிபல்களைப் பார்த்துவிட்டாள். அவள் மேல் புகார் என்று ஒரு துண்டுக் காகிதம் வந்தது கிடையாது. வருஷா வருஷம் போர்டில் ஒரு காக்கை படம் போட்டு, ‘நகரத்தின் துப்புரவாளர்’ என்று கீழே எழுதுவாள். படம் அவ்வளவு தத்ரூபமாக இருக்கும். துடைக்க வருகிற பிள்ளைக்கு மனசு வராது.

வீட்டுக்காரர் ரமணன் தேயிலைக் கம்பெனியில் ஆபீசர். ஒரே பெண் புனேயில். ராஷ்பிஹாரி பக்கத்தில் மூன்றாம் மாடி வீடு, அதற்கு மேல் மொட்டை மாடி. வீட்டில் மூன்றாவது ஆளாக மாமியார் கோமதி இருந்தாள். இடது கால் கொஞ்சம் இழுத்து நடப்பாள். தயிர் ஊற்றாத சாதத்தைச் சாதம் என்றே ஒப்புக்கொள்ளமாட்டாள். மருமகளோடு சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லா வீட்டிலும் இருக்கிற அளவுக்கு இருந்தது, அவ்வளவுதான்.

விஷயம் ஆரம்பித்தது மணிக்கணக்கில். வாத்தியார்கள் வருஷத்துக்கு ஐம்பது மணி நேரம் தாங்களும் போய்ப் படிக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. பயிற்சி, பட்டறை, அது இது என்று எதில் வேண்டுமானாலும் உட்காரலாம், சர்டிபிகேட் முக்கியம். மாதங்கியின் பள்ளிக்கூடம் அதற்கு ஒரு கொக்கி போட்டது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஐம்பது மணி சேராதவர்களுக்கு ஏப்ரலில் நாற்காலி கிடையாது. மாதங்கிக்கு வயது ஐம்பத்துநாலு. வேலை போனால் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் இல்லை. ஆனால் அந்த ஐந்தாம் வகுப்பு போய்விட்டால், காலையில் எழுந்து எதற்காகப் புடவையை மடித்துக் கட்டுவது என்று அவளுக்குத் தெரியாது.

விதி வந்த முதல் வருஷம், ஆடி மாசம், ஆன்லைனில் ஒரு பயிற்சி. தலைப்பு, ‘மகிழ்ச்சியான வகுப்பறை’. காமிராவை அணைக்கக்கூடாது, நாற்காலியை விட்டு எழுந்தால் அந்த மணி கணக்கில் சேராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பக்கத்து அறையிலிருந்து மாமியார் கூப்பிட்டாள்.

“மாதங்கி, தொண்டை வறள்றதுடி. கொஞ்சம் தீர்த்தம் கொண்டா.”

மைக்கை அணைத்துவிட்டு, முகத்தைத் திருப்பாமல், “இதோ வரேம்மா, பத்து நிமிஷம்” என்றாள். இன்னொரு தரம் கூப்பிட்ட சத்தம் கேட்டது. மூன்றாம் தரம் கேட்டதா இல்லையா என்பதை அவள் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. பயிற்சி முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று. தண்ணீர் டம்ளரோடு போனபோது கிழவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. உயிர் இல்லை.

“தூக்கத்துலயே போயிட்டா, புண்ணியவதி” என்று எல்லோரிடமும் சொன்னாள். ரமணனிடமும் அதையேதான். அன்று சாயங்காலம், உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது, போனில் சர்டிபிகேட் வந்து விழுந்தது. இரண்டு மணி நேரம்.

காரியமெல்லாம் முடிந்த நாளிலிருந்து மாதங்கி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தினம் ஓர் உருண்டை தயிர் சாதம் வைப்பாள். முன்னோர்கள் காக்கையாக வருவார்கள் என்று நம்முடையவர்கள் சொல்வதை அவள் பாடப்புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளவும் இல்லை, வீட்டில் விட்டுக்கொடுக்கவும் இல்லை. காக்காய்கள் வரும். அதில் ஒன்று இடது காலை இழுத்து இழுத்து நடக்கும். தயிர் குறைந்த நாளில் அது சாதத்தைப் பார்த்துவிட்டு மாதங்கியைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு வேறு விளக்கம் தேவையா? அந்தக் காக்காய் கொத்தின பிறகுதான் அவள் வாயில் காப்பி போகும். ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று.

இந்தத் தை பிறந்த பிறகு காக்காய்கள் குறைந்தன. பன்னிரண்டு வந்த இடத்தில் ஐந்து வந்தது, அப்புறம் ரெண்டு. நொண்டிக் காக்காய் வரும், சாதத்தைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும். சாதம் வெயிலில் காய்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. மாதங்கி தயிரை அதிகமாக்கினாள். மாமியாருக்குப் பிடித்த மாவடுவை ஓரத்தில் வைத்தாள். அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அம்மாவுக்குக் கோபம். இத்தனை நாள் பொறுத்திருந்து இப்போது காட்டுகிறாள்.

தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நொண்டிக் காக்காய் செத்துக் கிடந்தது. கழுத்து ஒரு பக்கமாகத் திருகி இருந்தது. வேறு யாராவது இருந்தால் முறத்தில் வாரிக் கீழே குப்பையில் போட்டிருப்பார்கள். மாதங்கியால் முடியுமா? வெறுங்கையால் எடுத்தாள். அதன் அலகில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். மாமியாரின் பழைய அரக்குப் பட்டுப் புடவையில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றி, மாடியில் இருந்த பெரிய சிமெண்டுத் தொட்டியில், கறிவேப்பிலைச் செடியின் வேருக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தாள். தலைக்குக் குளித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜூவில் பட்டறை.

ஜூ என்றால் புலி, சிங்கம் இருக்கிற பெரிய ஜூ இல்லை. டாலிகஞ்ச் மெட்ரோவில் இறங்கி ஓர் ஆட்டோ, அப்புறம் பாட்டரியில் ஓடுகிற ஒரு டோட்டோ பிடித்துப் போகவேண்டும். பழைய ஜமீந்தார் தோட்டம் ஒன்றை ஒரு டிரஸ்ட் எடுத்து மான், முதலை, மலைப்பாம்பு, ஒரு நீர்ப்பறவைக் குளம் என்று குட்டியாக வைத்திருக்கிறது. பிள்ளைகளை ஜூவுக்குக் கூட்டிவந்து பாடம் நடத்துவது எப்படி என்று முப்பது ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. நாளுக்கு ஆறு மணி, மொத்தம் பதினெட்டு. மூன்றாம் நாள் நாலு மணிக்குத்தான் சர்டிபிகேட். நடுவில் போனால் ஒன்றும் இல்லை. மாதங்கியிடம் இந்த வருஷம் இருந்தது முப்பத்துநாலு மணி. இது கிடைத்தால் ஐம்பத்திரண்டு. இதை விட்டால் மார்ச்சுக்குள் வேறு பட்டறை இல்லை.

வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் ப்ளீச்சிங் தண்ணீர் நனைத்த கோணி. எல்லோரும் அதில் செருப்போடு மிதித்துவிட்டு உள்ளே போகவேண்டும். மாதங்கிக்குக் குளிர்காலத்தில் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. தண்ணீர் பட்டாலே தேள் கொட்டின மாதிரி இருக்கும். காவல்காரன் திரும்பின சமயம் பார்த்துப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டைத் தாண்டிவிட்டாள். மாடிக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே செருப்பு.

பின்னால் ஒரு குரல் தமிழில் கேட்டது. “ஹை ஜம்ப் நன்னா வரதே டீச்சருக்கு.”

ஸ்ரீனிவாசராகவன். ஹவுராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஃபெர்ரியில் வந்தவர், மங்கி கேப்பைக் கழற்றவில்லை. பதினெட்டு டிகிரிக்கே கம்பளியைத் தேடும் பெங்காலிப் பழக்கம் அவருக்கு மூன்று தலைமுறையில் ரத்தத்தில் ஊறிவிட்டது.

“கால் எரியும் சார். சொல்லிடாதேள்.”

“நான் ஏன் சொல்றேன். எனக்கு எட்டு மணி போறும், பத்து மணி மிச்சம். உங்களுக்குத் தானம் பண்ணலாம்னா ரூல் இல்லையாம்.”

பட்டறை நடத்தினவள் நந்திதா. முப்பது வயதுக்குள் இருக்கும். கால்நடை மருத்துவம் படித்தவள். அரைப் பெங்காலி, அரை இங்கிலீஷில் முதல் அரை மணியிலேயே மூன்று விதிகளைச் சொன்னாள். எந்தப் பிராணிக்கும் எதையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். கால் தட்டை மிதிக்காமல் உள்ளே வராதீர்கள். எங்கேயாவது பறவை செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், எனக்கு போன் பண்ணுங்கள்.

“உங்க வீட்டுப் பக்கம் காக்கா குறைஞ்சிருந்தாலும் சொல்லுங்க” என்றாள். “இந்தப் பறவைக் காய்ச்சல் முதல்ல காக்காகிட்டதான் தெரியும்.”

முப்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். மாதங்கி சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டாள். போடும்போது காதுமடல் சுட்டது. வயசான காக்காய், நொண்டி வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவளுக்குத் தன் பாடம் மண்டையில் ஏறாமலா இருக்கும்? ஏறியது. ஏறினதை அவள் உட்காரவிடவில்லை.

மத்தியானம் ஒரு பயிற்சி. ஒவ்வொருவரும் ஒரு கூண்டுக்கு முன்னால் நாற்பது நிமிஷம் அசையாமல் உட்கார வேண்டும். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக்கூடாது. நாற்பது என்ற எண்ணைக் கேட்டதும் மாதங்கி எழுதுவதை நிறுத்தினாள். அவளுக்கு விழுந்தது நீர்ப்பறவைக் குளம். நாரைகள், ஒரு கூழைக்கடா, ஐந்தாறு வாத்து. ஒரு நாரை மட்டும் கூட்டத்தை விட்டு விலகிச் சுவர் ஓரமாக நின்றது. ‘ஒரு நாரை தனியே நிற்கிறது. கோபமாக இருக்கிறது’ என்று எழுதினாள்.

நந்திதா வந்து படித்தாள். பென்சிலால் ‘கோபமாக’ என்ற இடத்தில் ஒரு கோடு. “மாதங்கி-தி, கோபத்தை எங்கே பார்த்தீங்க? கண்ணிலயா, சிறகிலயா?” ‘தி’ என்றால் பெங்காலியில் அக்கா.

“அப்படித் தோணித்து.”

“தோணினதை விடுங்க. தலை எப்படி இருக்கு, கால் எப்படி இருக்கு, அதை எழுதுங்க.” சொல்லிவிட்டு அவள் அந்த நாரையைக் கொஞ்ச நேரம் தானும் பார்த்துக்கொண்டு நின்றாள். போகும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

சனிக்கிழமை அந்த நாரை உட்கார்ந்திருந்தது. குளத்தைப் பார்த்துக்கொள்கிறவன் பிஷு. டீச்சர்களை அவன் தீதிமொணி என்றுதான் கூப்பிடுவான். மீன் வாளியோடு வந்தவன், “காலையில காக்கா கூட்டமா வந்து மீனைப் பிடுங்கும், தீதிமொணி. பத்து நாளா ஒண்ணு ரெண்டுதான். எனக்கு வேலை மிச்சம்” என்று சந்தோஷமாகச் சொன்னான். மாதங்கிக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. ரமணன் சீக்கிரமே தர்ப்பணத்தை முடித்துவிட்டார். மாதங்கி வாழை இலைத் துண்டில் சாதம், பருப்பு, நெய் எல்லாம் வைத்து மாடிச் சுவரில் வைத்துக் கூப்பிட்டாள். கூப்பிட்டாள், கூப்பிட்டாள், தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டாள். வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. தெருவில் டிராம் கம்பி இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது, எதிர்வீட்டு ஆண்டெனா இருக்கிறது. எதிலும் ஒன்றும் உட்கார்ந்திருக்கவில்லை. கொல்கத்தாவில் அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதே இல்லை.

ரமணன் மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தார். “ஏழரை மணியிலேர்ந்து கத்திண்டிருக்கே. காக்காய்க்கும் இன்னிக்கு ஞாயித்துக்கிழமை லீவு போலிருக்கு. இலையைப் போடு, எனக்குப் பசிக்கறது.”

“ஏன்னா, காக்கா எடுக்காம எப்படிச் சாப்பிடறது?”

“எடுக்காட்டா போறது. அம்மா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா.”

அவருக்கு என்ன தெரியும்? அவள் திரும்பினபோது கீழ்வீட்டு சுப்ரியா பௌதி தொட்டிப் பக்கம் குனிந்து கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தாள். பெங்காலிக்காரி; பௌதி என்றால் அண்ணி. கறிவேப்பிலையை மாதங்கியிடம்தான் கற்றுக்கொண்டாள். இப்போது பருப்பில் அது இல்லாமல் முடியாது.

“பௌதி, அதைப் பறிக்காதீங்க. பூச்சி விழுந்திருக்கு.”

“நேத்தும் பறிச்சேனே, ஒரு பூச்சியும் இல்லை. மண்ணைக்கூட நீ நல்லாக் கிளறி விட்டிருக்கே” என்று சிரித்துக்கொண்டே கீழே போனாள். கையெல்லாம் மண்.

மாதங்கி சுவரில் இருந்த சாதத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டாள். ஜூவில் இன்னும் ஒன்று ரெண்டு காக்காய் வருகிறது என்று பிஷு சொன்னானே. ஒரு வாய், ஒரே ஒரு வாய் எடுத்துக்கொண்டால் போதும். பையில் டப்பாவை வைத்துக்கொண்டு கிளம்பினாள். அன்றும் தட்டைத் தாண்டித்தான் உள்ளே போனாள்.

பதினோரு மணிக்குக் கடைசித் தரமாக நாற்பது நிமிஷப் பயிற்சி. குளத்தில் சுவர் ஓரத்து நாரையைக் காணவில்லை. மாதங்கி பெஞ்சில் உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்த்து, டப்பாவைத் திறந்து குளத்துச் சுவரில் சாதத்தை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு காக்காய் வந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பியது. நோட்டைப் பிரித்தாள். மூன்று நாள் பழக்கத்தில் கை தானாக எழுதியது:

‘பதினொன்று பத்து. காகம் ஒன்று. சாதத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கொத்தவில்லை. சிறகு ரெண்டும் தொங்குகிறது. தலை ஆடுகிறது. கழுத்து இடது பக்கம் திரும்புகிறது, நேராக வரமாட்டேன் என்கிறது. எச்சம் பச்சையாக இருக்கிறது. அலகைத் திறக்கிறது, சத்தம் வரவில்லை. பதினொன்று பதினாறு. சரிந்து தண்ணீரில் விழுந்தது.’

எழுதினதைத் திருப்பிப் படித்தாள். கோபம் அதில் எங்கேயும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த நொண்டிக் காக்காயின் கழுத்தும் இப்படித்தான் திருகியிருந்தது. பத்து நாளாக அவள் வீட்டு மாடியில் நடந்தது மாமியாரின் கோபமில்லை, கொள்ளை நோய். சுவரில் இருந்த சாதம், காலில் இருந்த செருப்பு, சுப்ரியா பௌதி கையில் இருந்த மண், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன.

“டப்பாவை மூடுங்கோ முதல்ல.” ஸ்ரீனிவாசராகவன் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் அன்றைக்கு விளையாட்டு இல்லை. “நான் பார்த்துட்டேன். வேற யாரும் பார்க்கலை.”

“சார், எங்காத்து மாடியிலயும் ஒண்ணு செத்துது. நான் கையால எடுத்தேன்.”

அவர் அறியாமலே ஓர் அடி பின்னால் போனார். “அப்படியா. சரி. இப்ப மணி பதினொண்ணேகால். நாலு மணிக்கு சர்டிபிகேட் குடுத்துடுவா. நாலு அடிச்சு ஒரு நிமிஷம் கழிச்சு சொல்லுங்கோ, யார் வேண்டாங்கறா? இப்ப சொன்னா உங்களுக்கு மட்டுமா போகும்? முப்பது பேருக்கும் போயிடும். அஞ்சு மணி நேரத்துல என்ன ஆயிடப் போறது?”

நியாயமான பேச்சு. மாதங்கி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். நாலு மணி வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்தால் போதும். அது அவளுக்குத் தெரிந்த வித்தைதான். அந்த நேரத்தில் பிஷு குளத்துக்குள் இறங்கினான். தண்ணீரில் மிதந்ததைக் கையால் எடுக்கக் குனிந்தான்.

“பிஷு, ஹாத் தியோ நா” என்று மாதங்கி எழுந்து கத்தினாள். கை வைக்காதே என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அவன் அதற்குள் சிறகைப் பிடித்துத் தூக்கிவிட்டான். “அட, காக்காதானே தீதிமொணி. நேத்துக்கூட ரெண்டு எடுத்துப் போட்டேன். அந்த நாரையையும் நான்தான் தூக்கிட்டுப் போனேன். எனக்கு ஒண்ணும் ஆகலை.” மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டான்.

நந்திதா ஓடி வந்தாள். மாதங்கி எல்லாவற்றையும் சொன்னாள். தட்டைத் தாண்டினது, சாதம் வைத்தது, வியாழக்கிழமைக் காக்காய், கறிவேப்பிலைத் தொட்டி. நந்திதா திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முகமூடியை மாட்டிக்கொண்டு, இரண்டு கெஜம் தள்ளி நின்று, எந்தக் கை, எந்தச் செருப்பு, எத்தனை மணி என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

“வேற ஏதாவது சொல்லணுமா?”

மாமியார் காத்துக் கிடந்த நாற்பது நிமிஷம் தொண்டை வரைக்கும் வந்தது. அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. “இல்லை” என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு வாயிற்கதவைச் சாத்தினார்கள். முப்பது பேரையும் கை கால் கழுவவைத்து, பெயர், விலாசம், போன் வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் வெளியே விட்டார்கள். பட்டறை பாதியில் நின்றது, ஆகவே யாருக்கும் ஒரு மணிகூடக் கிடையாது. கரியாஹாட்டிலிருந்து வந்த ஸ்மிதா என்ற டீச்சர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “ஒரு காக்காய்க்குச் சோறு போட்டு எங்க பதினெட்டு மணியைச் சாப்பிட்டா மகராஜி” என்றாள். ஸ்ரீனிவாசராகவன் மங்கி கேப்பை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

திங்கட்கிழமை காலை வெள்ளை உடுப்புப் போட்ட நாலு பேர் ராஷ்பிஹாரி வீட்டு மாடிக்கு ஏறினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. கறிவேப்பிலைச் செடியை வேரோடு பிடுங்கி மஞ்சள் பையில் போட்டார்கள். அரக்குப் பட்டுத் துணி இடுக்கியில் தொங்கிக்கொண்டு வெளியே வந்தது. ரமணன் அதையே பார்த்தார்.

“அம்மா புடவை தானே அது?”

“ஆமான்னா.”

“காக்காய்க்கு எதுக்கு அம்மா புடவை?”

மாதங்கி மாடிக் கதவைத் திறந்து பிடித்து, அந்த நாலு பேருக்கும் வழி விட்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு உப்பில்லாத சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. மாதங்கி தனியாகப் பத்து நாள் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். வீட்டில் தனி அறை என்று இருந்தது மாமியார் அறை ஒன்றுதான். ரமணனும் வெளியே போகக்கூடாது. கூடத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்தார். சுப்ரியா பௌதி வீட்டிலிருந்து மூன்று பேருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை போபால் ஆய்வுக்கூடத்திலிருந்து ரிசல்ட் வந்தது. அதுதான், அந்தக் காய்ச்சல்தான். குளத்தில் மிச்சம் இருந்த பதினேழு பறவைகளையும் அன்றைக்கே முடித்துவிட்டார்கள் என்று நந்திதா போனில் சொன்னாள். நோய் மாதங்கி செருப்பில் வந்ததா, காக்காய்கள் முன்னமே கொண்டுவந்துவிட்டனவா என்று கேட்டதற்கு, “தெரியாது, மாதங்கி-தி. தெரிய வழியில்லை” என்றாள். பிஷுவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்குகிறதாம்.

அன்று மத்தியானம் பிரின்சிபலும் கூப்பிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அப்புறம், “முப்பத்துநாலு முப்பத்துநாலுதான், மிஸஸ் ரமணன். கமிட்டிகிட்ட நான் வேற நம்பர் சொல்ல முடியாது. நோட்டுகள், சார்ட்டெல்லாம் மார்ச்சுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போயிடுங்க” என்றாள். மாதங்கி சரி என்றாள். இருபத்தெட்டு வருஷம் ஒரு சரியில் முடிந்தது.

நந்திதா அவளுக்கு ஒரு தாள் அனுப்பியிருந்தாள். காலையும் மாலையும் காய்ச்சல் எவ்வளவு என்று எழுத வேண்டும். கூடவே, “ஜன்னல்லேர்ந்து தினம் நாற்பது நிமிஷம் வானத்தைப் பாருங்க. எத்தனை காக்கான்னு எழுதுங்க. உங்களை மாதிரி எழுதினவங்க அந்த முப்பது பேர்ல யாரும் இல்லை” என்று ஒரு வரி. திங்கள் பூஜ்யம். செவ்வாய் பூஜ்யம். புதன், வியாழன் அதேதான்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது வாயில் மண்ணைப் போட்டு அடைத்த மாதிரி இருந்தது. தெர்மாமீட்டரை வைத்து எடுத்துப் பார்த்தாள். தாளில் எழுதினாள்: ‘காகம் இல்லை. காய்ச்சல் நூறு புள்ளி ஆறு. தொண்டை வறட்சி.’ மேஜையில் சொம்பு காலி. எழுந்திருக்கப் பார்த்தாள், இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

“ஏன்னா, கொஞ்சம் தீர்த்தம் கொண்டு வாங்கோளேன். தொண்டை வறள்றது.”

கூடத்தில் ரமணன் மீட்டிங்கில் இருந்தார். யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் அந்தச் சத்தம் நின்றது. மைக்கை அணைத்திருக்க வேண்டும்.

“இதோ வரேன். காமிரா ஓடிண்டிருக்கு. பத்து நிமிஷம்.”

மாதங்கி தலையணையில் சாய்ந்தாள். கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் ஒரு கடிகாரம். ஆயிரம் தரம் தூசி தட்டின கடிகாரம்தான், ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அவள் அதைப் பார்த்ததில்லை. மாமியார் அன்றைக்குச் சுவரைப் பார்க்கவில்லை, இதைத்தான் பார்த்திருக்கிறாள். மணி ஒன்பது பதினொன்று. அவள் பேனாவை எடுத்து, ‘ஒன்பது பதினொன்று. கூப்பிட்டேன்’ என்று எழுதிவிட்டு, முள் அடுத்த கோட்டுக்கு நகருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.